முன் தள்ளிய பல்லும் யாரும் எடுக்காத பொறுப்பும்

நடை பழகும் குழந்தை விழாமல் இருக்காது. விழுந்து எழுந்தால்தான் நடை வரும் என்று பாட்டிமார் சொல்வதை மருத்துவமும் மறுப்பதில்லை. ஆனால் ஒரே திண்ணையிலிருந்து தவறி விழுகிற இரண்டு பிள்ளைகளில் ஒன்று உதட்டுக் கீறலோடு எழுந்து ஓடிவிடுகிறது. மற்றதற்கு முன்பல் ஈறுக்குள் போய்விடுகிறது, வாயெல்லாம் ரத்தம். "நேரம் சரியில்லை" என்று வீட்டில் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். நேரத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனால் அளந்து பார்க்கக்கூடிய ஒரு பங்கு, விழுவதற்கு முன்பே அந்தப் பிள்ளையின் வாயில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருந்தது. மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைத் தாண்டி எவ்வளவு தூரம் முன்னால் தள்ளி நின்றன என்பதுதான் அது.

எண்ணிக்கையில் இது சின்ன விஷயமில்லை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2018-ல் 'டென்டல் டிராமட்டாலஜி' இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று, ஏறக்குறைய 23 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குப் பால் பல்லில் ஏதாவது ஒரு காயம் நேர்ந்திருப்பதாகக் கணித்தது. இன்று உயிரோடு இருப்பவர்களில் 100 கோடிக்கும் மேற்பட்டவர்கள் என்றோ ஒருநாள் பல்லில் அடிபட்டவர்கள் என்றும் அது சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு வாய்நல அறிக்கையும் 12 வயது வரையிலான பிள்ளைகளில் ஐந்தில் ஒருவர் என்ற கணக்கைத் தருகிறது. சொத்தைப் பல்லைப் பற்றி நாம் பேசுவதில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றிப் பேசுவதில்லை. சொத்தைக்கு ஒரு குற்றவாளி இருக்கிறது: மிட்டாய். விழுந்து உடைந்த பல்லுக்கு அப்படி யாரும் கைக்கு அகப்படுவதில்லை.

மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே கிடைமட்டமாக இருக்கும் இடைவெளியைப் பல் மருத்துவர்கள் ஓவர்ஜெட் என்பார்கள். 2 அல்லது 3 மில்லிமீட்டர் இருந்தால் அது இயல்பு. ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டை அடுக்கினால் வரும் தடிமன் சுமார் அவ்வளவுதான். அதைத் தாண்டினால் கணக்கு மாறுகிறது. 3 மில்லிமீட்டருக்கு மேல் பல் தள்ளியிருக்கும் பிள்ளைகளுக்கு முன்பல் காயம் ஏறக்குறைய இரு மடங்கு நேர்கிறது என்று 1999-லேயே ஐரோப்பிய ஆர்த்தோடான்டிக்ஸ் இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 2015-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, உலகில் 20 கோடிக்கும் மேற்பட்ட முன்பல் காயங்களை இந்தத் தள்ளலின் கணக்கில் எழுதலாம் என்றது. பால் பற்களைப் பற்றித் தனியே நடந்த ஆய்வுகளும் (இவற்றில் பிரேசிலிலிருந்து வந்தவை அதிகம்) அதே பக்கம்தான் கைகாட்டுகின்றன. பல் தள்ளியிருப்பது, பின்பற்களைக் கடித்தாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நடுவே வெளி விட்டு நிற்பது, சும்மா இருக்கும்போது மேலுதடு பல்லை மூடாமல் இருப்பது ஆகிய மூன்றும் காயத்தோடு சேர்ந்தே காணப்படுகின்றன.

காரணம் புரியாத ஒன்றல்ல. குழந்தை முகங்குப்புற விழும்போது கை முன்னே வராவிட்டால் தரையில் முதலில் படுவது மூக்கும் வாயும்தான். பல் உள்ளடங்கி இருந்தால் அடியை உதடு வாங்கிக்கொள்ளும். தடித்து வீங்கும், இரண்டு நாளில் வடிந்துவிடும். பல் வெளியே நின்றால் உதடு அதன் பின்னாலோ மேலேயோ ஒதுங்கிவிடுகிறது. மொத்த வேகத்தையும் பல்லின் விளிம்பு வாங்குகிறது. அதுவும் பெரும்பாலும் மேல் நடுப்பற்கள் இரண்டு மட்டும். முன்பற்கள் ஒன்றையொன்று தொடாத வாயில் கீழ்ப்பல்லின் அண்டையும் அவற்றுக்குக் கிடையாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பல் தள்ளியிருப்பதால் எந்தக் குழந்தையும் தடுக்கி விழுவதில்லை. விழுவதற்குக் காரணங்கள் வேறு: ஈரத் தரை, படி, ஓட்டம், அண்ணன் தள்ளிவிடுவது. விழுந்த பிறகு எது உடையும் என்பதில்தான் பல்லின் வரிசை குறுக்கிடுகிறது. பல் வரிசை சீராக இருக்கும் பிள்ளைகளுக்கும் பல் உடைகிறது. தள்ளிய பல்லோடு ஒரு கீறலும் இல்லாமல் வளர்ந்தவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். எனவே இது கூடுதல் ஆபத்து மட்டுமே, தலையெழுத்து அல்ல. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டுப் பெற்றோரைப் பயமுறுத்தும் விளம்பரங்கள் பெருகிவருகின்றன. அவற்றுக்குப் பின்னர் வருவோம்.

"விழுந்து முளைக்கப்போற பல்லுதானே" என்ற பேச்சுதான் இந்த விஷயத்தில் நமக்குள்ள பெரிய தடை. பால் பல் விழத்தான் போகிறது, ஆறு ஏழு வயதில். ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தையின் மேல் முன்பல் வேருக்குப் பின்னால், அண்ணத்தை ஒட்டி, எலும்புக்குள் நிரந்தரப் பல்லின் கரு உருவாகிக்கொண்டிருக்கிறது. அதன் எனாமல் பிறந்த சில மாதங்களில் தொடங்கி நாலைந்து வயது வரை படிகிறது. சிறு குழந்தையின் தாடை எலும்பு இளகலானது. அதனால் பெரியவர்களுக்கு ஆவதுபோலப் பல் பெரும்பாலும் முறிவதில்லை, இடம்பெயர்கிறது. ஆடுகிறது, பின்னால் சாய்கிறது, சில நேரம் ஆணி அடித்ததுபோல ஈறுக்குள் இறங்கிவிடுகிறது. அப்படி இறங்கும் வேர், உள்ளே இருக்கும் கருவை இடித்தால், ஏழு வயதில் முளைக்கும் நிரந்தரப் பல்லில் வெள்ளைத் திட்டோ மஞ்சள் பழுப்புத் தழும்போ தெரியும். எனாமல் குறைந்திருக்கலாம். வேர் வளைந்து பல் வெளியே வராமலேகூடப் போகலாம். அடிபட்ட நாளை அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். "சின்ன வயசுல ஆன்டிபயாடிக் கொடுத்தோம், அதான் பல் இப்படி" என்று வேறு ஏதாவது காரணம் சொல்லப்படும்.

அதற்காகப் பதறி ஓடி எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்ல வேண்டியதுமில்லை. பல் காயங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-ல் புதுப்பித்த வழிகாட்டுதல்கள் பால் பல் காயத்துக்குப் பெரும்பாலும் பொறுத்திருந்து பார்க்கும் வழியைத்தான் சொல்கின்றன. ஈறுக்குள் போன பால் பல் பல சமயம் சில மாதங்களில் தானாகக் கீழே இறங்கி வந்துவிடும். அடிபட்ட பல் சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கிறது என்பதற்காக மட்டும் சிகிச்சை தேவையில்லை. ஈறில் சீழ்க்கொப்புளம், வீக்கம், வலி என்று தொற்றின் அடையாளம் தெரிந்தால்தான் வேண்டும். ஆனால் பொறுத்திருந்து பார்ப்பது என்றால் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அடிபட்ட அன்று ஒருமுறை, சில வாரங்கள் கழித்து, பிறகு புதுப்பல் முளைக்கும்போது. நம்மிடம் இல்லாதது இந்தத் தொடர்ச்சிதான்.

பல் எப்படித் தள்ளிப்போகிறது? பரம்பரை ஒரு காரணம். அப்பாவின் தாடை அமைப்பு பிள்ளைக்கு வந்தால் அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மூக்கடைப்பாலும் அடினாய்டு வீக்கத்தாலும் வாயைத் திறந்தே மூச்சு விடும் பிள்ளைகளுக்கு முகமும் தாடையும் வளரும் விதத்தில் மாறுதல் வருகிறது. தினமும் குறட்டை விடும் நாலு வயதுக் குழந்தையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுவது பல்லுக்கும் நல்லது. ஆனால் நம் கையில் அதிகம் இருக்கும் காரணம் விரல் சூப்புவதும், ரப்பர் சூப்பானும், பால்புட்டியும்தான்.

விரல் சூப்புவது இயல்பான பழக்கம். கருவிலேயே தொடங்கும் குழந்தைகள் உண்டு. இரண்டு வயது வரை அதற்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே விட்டுவிடுகின்றன. மூன்று வயதுக்கு மேலும் நீடித்தால், அதுவும் தூக்கம் முழுக்க விரல் வாயிலேயே இருந்தால், மேல் பற்கள் முன்னாலும் கீழ்ப்பற்கள் உள்ளேயும் தள்ளப்பட்டு, நடுவில் கட்டைவிரல் அளவுக்கே ஓர் இடைவெளி விழுகிறது. இதில் ஆறுதல் தரும் செய்தியும் உண்டு: நிரந்தர முன்பற்கள் வருவதற்குள் பழக்கம் நின்றுவிட்டால் அந்த இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்கிறது. தள்ளல் முழுவதும் சரியாகாவிட்டாலும் குறையும். அதனால் மூன்றிலிருந்து ஆறு வயது வரைக்குமான காலம் விலைமதிப்புள்ளது. காசு செலவில்லாமல் ஒரு காயத்தைத் தவிர்க்கக்கூடிய சில ஆண்டுகள் அவை.

அந்த ஆண்டுகளில் நாம் செய்வதென்ன? வேப்பெண்ணெய் தடவுகிறோம். மிளகாய்த்தூள் வைக்கிறவர்களும் உண்டு. விருந்தாளி முன்னால் "இவ்வளவு பெரிய பையன் விரல் சூப்புறான்" என்று கேலி செய்கிறோம். பள்ளியில் 'பல்லன்' என்று பெயர் விழுந்துவிடுகிறது. பயத்திலும் களைப்பிலும் தனிமையிலும்தான் குழந்தை விரலைத் தேடுகிறது. அதற்கு மேலும் பயத்தைக் கூட்டினால் விரல் வாயை விட்டு எங்கே போகும்? தூங்கும் நேரத்தில் ஒரு கை கதை சொல்லவும் இன்னொரு கை தட்டிக்கொடுக்கவும் இருந்த கூட்டுக்குடும்பத்துப் படுக்கை இன்று பலருக்கு இல்லை. விரலை விட்ட ஒரு ராத்திரியை மறுநாள் காலையில் பாராட்டுவது எந்த எண்ணெயையும் விட வேலை செய்யும்.

தெத்துப்பல்லை அழகு என்று சொல்லும் ஊர் இது. நாம் பேசுவது அதையல்ல. கோரைப்பல் கொஞ்சம் ஏறி நிற்பதால் விழும்போது எதுவும் ஆகிவிடாது.

தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளிடம் பல் வரிசைக் கோளாறு கணிசமாகக் குறைவு என்பதை 2016-ல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட தாய்ப்பால் தொகுப்பும் பதிவுசெய்தது. மார்பில் பால் குடிக்கக் குழந்தை தாடையையும் நாக்கையும் உழைக்கவைக்க வேண்டியிருக்கிறது. வயிறும் மனமும் நிறைந்த குழந்தை சூப்பானைத் தேடுவதும் குறைவு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இங்கேதான் ஆசிரியர்களும் மருத்துவர்களும் பத்திரிகைகளும் வழக்கமாக ஒரு தவறு செய்கிறோம். இத்தனையையும் சொல்லிவிட்டு விரலைத் தாயை நோக்கி நீட்டி நிறுத்திவிடுகிறோம்.

தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம் மகப்பேறு விடுப்பு. மத்தியச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் 26 வாரம். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. பாத்திரம் தேய்க்கும் வீட்டு வேலைக்காரருக்கும், சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கும், செங்கல் சூளையில் குடும்பத்தோடு தங்கியிருப்பவருக்கும் அந்தக் காகிதம் எட்டுவதில்லை. இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ வேலைக்குத் திரும்ப வேண்டிய பெண்ணின் பிள்ளை புட்டியில் குடித்து, ஐந்து வயது அக்காவின் இடுப்பில் வளர்ந்தால், அதன் பல் வரிசைக்கு அந்தத் தாய் மட்டும் எப்படிப் பொறுப்பாக முடியும்? பெரிய பனியன் கம்பெனியில் இருக்க வேண்டிய காப்பகம் உண்மையில் இயங்குகிறதா என்று பார்க்கும் தொழிலாளர் ஆய்வாளரும் அந்தக் குழந்தையின் பல்லுக்கு ஒரு வகையில் பொறுப்பாளி. வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் சங்கிலி அப்படித்தான் போகிறது.

பால்புட்டியை விளம்பரப்படுத்துவதை நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இருந்தும் மகப்பேறு முடிந்து வீடு திரும்பும் பையில் யாராவது ஒரு புட்டியைப் போட்டுவிடுகிறார்கள். சீர் தட்டில் சூப்பானும் புட்டியும் சேர்ந்த பரிசுப் பெட்டி வருகிறது. அதோடு சக்கரம் வைத்த பிளாஸ்டிக் வாக்கரும். குழந்தையை உட்காரவைத்துக் காலால் தள்ளி ஓடவிடும் இந்தச் சாதனம் நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதில்லை. படிக்கட்டில் கவிழ்ந்தால் தலையும் வாயும்தான் முதலில் போகும். கனடா 2004-ல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அங்கும் தடை வேண்டும் என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டுவருகிறது. நம்முடைய பழைய மர நடைவண்டியில் குழந்தை தன் காலில் நின்று, தன் வேகத்தில்தான் தள்ளியது. பக்கத்தில் ஆள் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தும் இருந்தது. முதல் பிறந்த நாளுக்கு என்ன வாங்குவது என்று யோசிக்கும் மாமன்மார், வாக்கரை விட்டுவிட்டு ஒரு பந்து வாங்கிக் கொடுக்கலாம்.

அடுத்தது ஸ்கூட்டர். காலையில் எந்த நர்சரிப் பள்ளி வாசலில் நின்றாலும் இதைப் பார்க்கலாம்: மூன்று வயதுப் பிள்ளை முன்னால் கால் வைக்கும் இடத்தில் நிற்கிறது, முகவாய் ஹேண்டில்பார் உயரத்தில் இருக்கிறது. அப்பா திடீர் பிரேக் போட்டால் பல் நேராக இரும்பில் போய் மோதும். 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்கு ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. விதி நடைமுறைக்கு வந்தும் அந்தப் பட்டையை நம் தெருவில் கண்டவர் அரிது. பெரியவருக்கு ஹெல்மெட் இல்லையென்று நிறுத்தும் காவலர், முன்னால் நிற்கும் குழந்தையைப் பார்த்துக் கன்னத்தைத் தட்டி அனுப்பிவிடுகிறார். அபராதம் போடச் சொல்லவில்லை. பின்னால் உட்காரவைத்துக் கட்டிக்கொண்டு போங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதையே பள்ளி வாசலில் நிற்கும் ஆயாவும் சொல்லலாம்.

இனி, பார்க்கும் வேலை. ஒவ்வொரு கிராமத்திலும் குழந்தையின் வாயை யாராவது பார்க்க வேண்டும் என்றால் புதிதாக ஓர் அமைப்பைத் தொடங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. எடை பார்க்கிறார்கள், உயரம் பார்க்கிறார்கள், புயத்தின் சுற்றளவு அளக்கிறார்கள். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறவிக் குறைபாடு முதல் வளர்ச்சித் தாமதம் வரை 30 வகைக் குறைகளைத் தேடும் அந்தப் பட்டியலில் பல்லும் இருக்கிறது. ஆனால் பல் என்றால் முதன்மையாகச் சொத்தை. டார்ச் அடித்து வாய்க்குள் பார்க்கும் அதே நேரத்தில் "பின்பல்லைக் கடி கண்ணா" என்று சொல்லிப் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்க்க அரை நிமிடம் ஆகாது. மேல் பல் நன்றாகத் தள்ளியிருக்கிறதா, உதடு மூடுகிறதா, விரல் சூப்புகிறதா, முன்பு அடிபட்டிருக்கிறதா என்று அட்டையில் நான்கு கட்டங்கள். கட்டத்தில் குறி விழுந்த பிள்ளையின் தாயிடம் பேச வேண்டியதை அங்கன்வாடிப் பணியாளரே பேசலாம். மருத்துவர் பார்க்க வேண்டிய பிள்ளையை மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்பலாம். அதன் பணியாளர் அமைப்பில் பல் மருத்துவருக்கும் இடம் உண்டு.

அங்கன்வாடிப் பணியாளரின் தலையில் இன்னொரு பதிவேடா என்ற முனகல் நியாயமானது. தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, செல்போன் செயலியில் தினப் பதிவு என்று ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. எனவே புதிய பதிவேடு வேண்டாம். இருக்கிற சுகாதார அட்டையில் ஒரு வரி போதும். நிரப்ப வேண்டியதும் மருத்துவக் குழுதான், பணியாளர் அல்ல.

பல் மருத்துவர்கள் பக்கமும் பேச்சு இருக்கிறது. நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. படித்து முடித்த இளைஞர்கள் நகரத்துத் தெருவுக்குத் தெரு கிளினிக் திறந்து போட்டி போடுகிறார்கள். போட்டியின் அழுத்தத்தில் நாலு வயதுக் குழந்தைக்கே கிளிப் பற்றிப் பேசும் விளம்பரம் வருகிறது. பால் பல் வரிசையில் தள்ளியிருப்பதற்குப் பெரும்பாலும் கம்பி தேவையில்லை, பழக்கத்தை நிறுத்துவதும் கவனித்து வருவதும் போதும் என்பதை நேர்மையான பல் மருத்துவர் எவரும் ஒப்புக்கொள்வார். ஏழிலிருந்து பதினொரு வயதுக்குள் நிரந்தர முன்பல் மிகவும் தள்ளியிருந்தால் கதை வேறு. அந்த வயதில் முதல் கட்டச் சிகிச்சை தொடங்குவதையும் பதின்பருவத்தில் ஒரேயடியாகச் செய்வதையும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2013-லும் 2018-லும் ஒப்பிட்டுப் பார்த்தது. கடைசியில் பல் வரிசையும் முக அமைப்பும் இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. முன்கூட்டியே தொடங்கியதால் தெளிவாகக் கிடைத்த ஒரே லாபம், இடைப்பட்ட ஆண்டுகளில் முன்பல் உடைவது குறைந்ததுதான். அந்த ஒரு லாபத்தைப் பெற்றோரிடம் உள்ளபடி சொல்லி, செலவையும் சொல்லி, முடிவை அவர்களிடம் விடுவதே முறை. துறுதுறுவென்று ஓடும், ஏற்கெனவே ஒருமுறை அடிபட்ட பிள்ளைக்கு அந்த லாபம் பெரிது. அமைதியான பிள்ளைக்குக் காத்திருக்கலாம். பல் மருத்துவச் சங்கங்கள் இப்படி ஒரு பொதுக் கருத்தை எளிய தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கிளினிக் வரவேற்பறையிலும் ஒட்டவைத்தால் விளம்பரத்தின் சத்தம் கொஞ்சம் அடங்கும்.

சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளின் பயிற்சி மருத்துவர்களை வாரம் ஒரு நாள் பக்கத்து ஒன்றியத்துக்கு அனுப்புவது கடினமான காரியமல்ல. தனியார் கல்லூரிகள் முகாம் நடத்துகின்றன. கணக்குக்காக நடத்தும் முகாமில் பிரஷ் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டாவது முறை அதே பள்ளிக்குப் போய், போன ஆண்டு குறி வைத்த பிள்ளைகள் எப்படியிருக்கிறார்கள் என்று பார்க்கும் முகாம்தான் முகாம்.

பள்ளிக்கு வருவோம். ஆறு, ஏழு வயதில் நிரந்தரப் பல் வந்துவிடுகிறது. முதலில் வந்த மேல் முன்பல்லின் வேர் முழுதாக வளரப் பத்து வயது ஆகிவிடும். வேர் முற்றாத அந்தப் பல் விளையாட்டு நேரத்தில் வேரோடு கழன்று விழுந்தால், பிறகு நடப்பது பெரும்பாலும் முதல் சில நிமிடங்களில் பக்கத்தில் இருந்தவரைப் பொறுத்தது. பல்லை வேர்ப்பகுதியில் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ பிள்ளையின் எச்சிலிலோ ஒரு முறை அலசி, தேய்க்காமல், வந்த குழிக்குள்ளேயே வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்ல வேண்டும். அது முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு உடனே பல் மருத்துவரிடம் போக வேண்டும். காய்ந்த கைக்குட்டையில் மடித்து ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுபோனால், வேரை எலும்போடு பிணைக்கும் உயிரணுக்கள் செத்துப்போயிருக்கும். பால் பல் கழன்றால் மட்டும் திரும்ப வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கருவுக்கு அது கேடு. இளநீரில் போடலாமா என்று சென்னை ஆய்வாளர்கள் 2008-லேயே சோதித்துச் சாதகமான முடிவைச் சொன்னார்கள். பின்னால் வந்த சோதனைகள் அந்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை. இளநீரின் அமிலத்தன்மை ஒரு குறை. பால்தான் பாதுகாப்பான பதில், அதுவும் எந்தத் தேநீர்க் கடையிலும் கிடைக்கும். கொதிக்கும் பால் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைக்க வேண்டும்.

முன்பல் போன எட்டு வயதுப் பிள்ளைக்குத் தாடை வளர்ச்சி முடியும் வரை இம்பிளான்ட் வைக்க முடியாது. பத்தாண்டு தற்காலிகப் பல், அது உடைந்து மாற்றுவது, வேர்ச் சிகிச்சை, கடைசியில் கிரௌன் என்று ஒரு நிமிட விழுதலுக்கு ஒரு குடும்பம் பல ஆண்டு தவணை கட்டுகிறது. வாயைக் கையால் மூடிச் சிரிக்கும் பழக்கத்துக்குத் தவணை எதுவும் முடிவதில்லை.

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, பெற்றோரே பெரும்பான்மை. கழிப்பறை வாசலில் வழுக்கும் தரை, உடைந்த படி, விளையாட்டுத் திடலில் துருத்தி நிற்கும் கல், கூர்விளிம்போடு இருக்கும் குடிநீர்த் தொட்டி ஆகியவற்றைப் பற்றி அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட அவர்களுக்கு உரிமை உண்டு. தலைமை ஆசிரியர் அறைச் சுவரில் கழன்ற பல்லுக்கு என்ன செய்வது என்று ஐந்து வரி எழுதி, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் பக்கத்துப் பல் மருத்துவரின் எண்ணை அதன் கீழே போடலாம். விளையாட்டு ஆசிரியருக்கும் சத்துணவு அமைப்பாளருக்கும் அந்த ஐந்து வரி மனப்பாடமாக இருக்க வேண்டும். மணியடித்துப் பிள்ளைகள் ஓடிவரும்போது பக்கத்தில் இருப்பது அவர்கள்தான். இவற்றுக்கெல்லாம் அரசாணை தேவையில்லை. அங்கன்வாடி அட்டையில் அந்த ஒரு வரியைச் சேர்க்க மட்டும் சுகாதாரத் துறையும் சமூக நலத் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். நடமாடும் மருத்துவக் குழுவின் அடுத்த ஆண்டுச் சுற்றுக்கான படிவம் அச்சுக்குப் போவதற்கு முன் அவர்கள் உட்காரட்டும்.